மாமா நாட்டலியும் நியோ நாட்டலியும்: எங்கள் மிட்வைஃபரி லேபில் இரண்டு வருடம்

நர்சிங் காலேஜில் ஓ.பி.ஜி. (மகப்பேறு, பெண்கள் நலம்) பாடம் எடுக்கிற டியூட்டர் நான். போன மாதம் என்னோடு படித்த தோழி போன் செய்தாள். அவள் வேறொரு காலேஜில் இருக்கிறாள். "எங்க லேபுக்குப் பிரசவ பொம்மை வாங்கப் போறோம், மூணு கொட்டேஷன் கேக்குறாங்க, நீங்க வெச்சிருக்கிறது எப்படி இருக்கு?" என்று கேட்டாள். அரை மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன், இதே கேள்வியோடு இருக்கிற மற்ற டியூட்டர்களுக்கும் நர்சிங் மாணவிகளுக்கும் உதவும்.

நாங்கள் வைத்திருப்பது லேர்டால் குளோபல் ஹெல்த் தயாரிப்பான மாமா நாட்டலி, கூடவே அதன் குழந்தை நியோ நாட்டலி. நார்வேயின் ஸ்டாவாங்கர் ஊர்க்காரர்கள். சி.பி.ஆர். கற்றுக்கொள்ள நாமெல்லாம் நெஞ்சில் அழுத்திப் பழகிய ரெசஸ்ஸி ஆன் பொம்மையை 1960-ல் கொண்டுவந்த அதே லேர்டால்தான் இதற்குச் சகோதரக் கம்பெனி. அதை ஆரம்பித்த ஆஸ்முண்ட் லேர்டால் முதலில் குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான் செய்துகொண்டிருந்தவர். பிரசவத்தையும் பச்சைக் குழந்தையையும் கவனிப்பதற்கென்று 2010-ல் லாப நோக்கம் இல்லாமல் தனியாகத் தொடங்கியதுதான் குளோபல் ஹெல்த்.

இதற்கு முன்னால் எங்களிடம் இருந்தது மேஜை மேல் வைக்கிற அரை உடம்பு. இடுப்பு மட்டும் இருக்கும், தொடையோடு கால் முடிந்துவிடும், தலையே கிடையாது. வயிற்று மூடியைத் திறந்து பிளாஸ்டிக் குழந்தையை உள்ளே வைத்து, மேலிருந்து ஒருவர் தள்ள, கீழே ஒருவர் வாங்குவார். தலை எப்படித் திரும்புகிறது, தோள் எப்படி இறங்குகிறது என்று காட்ட அது போதும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு வருடம் அதில் சொல்லிக்கொடுத்ததில் ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பிரசவம் பார்க்கிற பெண் வாயைத் திறப்பதே இல்லை. தலை இல்லாத இடுப்போடு யார் பேசுவார்கள்?

மாமா நாட்டலியை மேஜையில் வைக்க முடியாது. ஆள் மாட்டிக்கொள்ள வேண்டும். இடுப்பிலும் தோளிலும் பட்டை போட்டு, எட்டு மாத வயிறு மாதிரி முன்னால் கட்டிக்கொண்டு, கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்து படுத்தால் வயிறு மட்டும்தான் பொம்மையுடையது, முகமும் கையும் காலும் நம்முடையவை. வயிற்றுக்குள் குழந்தையும் நஞ்சுக்கொடியும் இருக்கும். குழந்தையை நம் கையாலேயே மெல்ல வெளியே விடுகிறோம். உள்ளே ஒரு ரத்தப் பை இருக்கிறது, ஒன்றரை லிட்டர் பிடிக்கும், கூடவே வருகிற சிவப்புக் கலவையைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் சரி. எவ்வளவு வேகமாகக் கசிய வேண்டும் என்பது நம் கையில். கர்ப்பப்பையைக் கெட்டியாக்கவும் தளர விடவும் முடியும். குழந்தையின் இதயத்துடிப்புக்குச் சின்னதாக ஒரு கிளிக்கர், சிறுநீர்ப்பையில் கதீட்டர் போட்டுப் பழக வசதி, எல்லாம் இருக்கிறது. மின்சாரம் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம், எல்லாம் கையால் இயக்குவதுதான். கரண்ட் போனாலும் கிளாஸ் நிற்காது என்பது எங்கள் பக்கத்துக் காலேஜ்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

முதல் நாள் நானே மாட்டிக்கொண்டு படுத்தேன். மூன்றாம் வருட மாணவிகள் நான்கு பேர். ஒருத்தி பிரசவம் பார்க்க, ஒருத்தி உதவிக்கு, ஒருத்தி குழந்தையை வாங்க, இன்னொருத்தி எழுத. குழந்தை வந்தது, நெஞ்சில் போட்டார்கள், வயிற்றைத் தொட்டுப் பார்த்து இன்னொரு குழந்தை இல்லை என்று உறுதி செய்துகொண்டு கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிற பிட்டோசின் 10 யூனிட் தொடையில் போட்டார்கள் (நம் ஊரில் வருவது பெரும்பாலும் 5 யூனிட் ஆம்பூல் என்பதால் இரண்டு உடைக்க வேண்டும், அதையும் சரியாகச் செய்தார்கள்). தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருந்து கிளாம்ப் போட்டு, அடிவயிற்றில் ஒரு கை வைத்துக் கர்ப்பப்பையைத் தாங்கிக்கொண்டே இன்னொரு கையால் கொடியை இழுத்து நஞ்சை வெளியே எடுத்தார்கள். புத்தகத்தில் இருக்கிற வரிசை, ஒரு படி கூட விடவில்லை. எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

அப்புறம் நான் சத்தமில்லாமல் கர்ப்பப்பையைத் தளர விட்டு, ரத்தத்தைத் திறந்துவிட்டேன்.

நான்கு பேரும் கிட்னி ட்ரேயில் நஞ்சு முழுதாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் சரியான வேலைதான். சுவரில் கடிகாரம் ஓடுகிறது. ஒரு நிமிடம் ஆயிற்று, ஒன்றரை நிமிடம் ஆயிற்று. என் இடுப்புக்குக் கீழே மெக்கின்டாஷில் (ரப்பர் விரிப்பில்) சூடாக ஏதோ பரவுவது எனக்குத் தெரிகிறது, அவர்களுக்குத் தெரியவில்லை. குழந்தையை வாங்கிய மாணவி திரும்பிப் பார்த்து "மேம், கட்டில்ல இருந்து சொட்டுது" என்று கத்தினாள். அதன் பிறகு நான்கு பேரும் ஓடினார்கள், ஒருத்தி கையும் என் வயிற்றுக்கு வரவில்லை. ஒருத்தி வென்ஃப்ளான் (நரம்பில் போடுகிற ஊசிக்குழாய்) தேடினாள், ஒருத்தி பேடு தேடினாள், ஒருத்தி "டாக்டரைக் கூப்பிடட்டுமா மேம்?" என்று என்னிடமே அனுமதி கேட்டாள்.

முடிந்ததும், எவ்வளவு போயிருக்கும் என்று தனித்தனியாகத் தாளில் எழுதச் சொன்னேன். 200, 250, 300, 300. பையில் மிச்சம் இருந்ததை அளந்து கழித்துப் பார்த்தால் 700 மில்லி.

பிரசவத்துக்குப் பிறகு 24 மணி நேரத்தில் 500 மில்லி போனாலே பி.பி.ஹெச். (பிரசவத்துக்குப் பிறகான அதிக ரத்தப்போக்கு) என்று அந்த நான்கு பேரும் தேர்வில் எழுதுவார்கள். நான்கு 'டி' காரணங்களையும் (டோன் - கர்ப்பப்பை சுருங்காதது, டிராமா - காயம், டிஷ்யூ - நஞ்சு உள்ளே தங்கியது, த்ராம்பின் - ரத்தம் உறையாதது) தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். பத்தில் ஏழு பேருக்குக் காரணம் கர்ப்பப்பை சுருங்காததுதான் என்பதும் தெரியும். ஆனால் 500 மில்லி என்பது கண்ணுக்கு எப்படி இருக்கும் என்று யாரும் அவர்களுக்குக் காட்டியதில்லை. நானும் காட்டியதில்லை. துணியில் ஊறியதும், தரையில் வழிந்ததும், பனிக்குட நீரோடு கலந்ததும் எல்லாம் கணக்கில் வராமல் போய்விடும். அனுபவசாலிகளே கண்ணால் பார்த்துக் குறைத்துத்தான் சொல்கிறார்கள். இதற்காகத்தான் இடுப்புக்குக் கீழே அளவுக் கோடு போட்ட பையை விரிக்கிற பழக்கம் வந்தது. கர்நாடகாவின் பெலகாவியில் நடந்த ஆய்வுகளில் 2006-க்கு முன்பே அந்தப் பையைப் பயன்படுத்திவிட்டார்கள். 2023-ல் வெளியான இ-மோட்டிவ் என்கிற பெரிய ஆய்வு கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா மருத்துவமனைகளில் நடந்தது. பை வைத்து அளந்து, கண்டுபிடித்த உடனே வயிற்றைத் தேய்ப்பது, பிட்டோசின், ரத்தப்போக்கைக் குறைக்கிற ட்ரானெக்ஸாமிக் ஆசிட், ஐ.வி. திரவம், காரணத்தைத் தேடிப் பரிசோதிப்பது, தேவைப்பட்டால் அடுத்த கட்டச் சிகிச்சைக்குக் கொண்டுபோவது என எல்லாவற்றையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் காத்திருக்காமல் ஒரே மூச்சில் செய்தபோது, ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போவது, ரத்தப்போக்கை நிறுத்த அறுவை சிகிச்சைக்குப் போவது, அதில் தாய் இறப்பது ஆகிய மூன்றையும் சேர்த்த கணக்கில் 60 சதவீதம் குறைந்தது. இந்த எண்ணை நான் கரும்பலகையில் எழுதினால் குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். தாளில் 250 என்று எழுதிவிட்டு 700-ஐ நேரில் பார்த்த பெண்ணிடம் சொன்னால் அவள் முகம் வேறு மாதிரி ஆகிறது.

கர்ப்பப்பையைப் பற்றி இன்னும் கொஞ்சம். நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் அங்கே பாய்கிறது. நஞ்சு பிரிந்த இடத்தில் அத்தனை ரத்தக்குழாய்களும் வாய் திறந்து நிற்கும், குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிற தசைநார்கள் சுருங்கி அவற்றை நெரித்தால்தான் நிற்கும். சுருங்கிய கர்ப்பப்பை கிரிக்கெட் பந்து மாதிரி கையில் தட்டுப்படும் என்று எல்லா டியூட்டரும் சொல்வோம். சுருங்காதது எப்படி இருக்கும்? தொப்புளுக்குப் பக்கத்தில் கையை வைத்து அழுத்தினால் கையில் எதுவுமே மாட்டாது, பிசைந்த மைதா மாவுக்குள் விரல் போகிற மாதிரி போய்க்கொண்டே இருக்கும். அந்த 'எதுவும் மாட்டாதது' தான் ஆபத்து என்று விரலுக்குத் தெரிய வேண்டும். பொம்மையில் இந்த இரண்டு நிலையையும் மாற்றி மாற்றிக் காட்ட முடிகிறது. இரண்டாவது வாரம் கண்ணைக் கட்டிவிட்டு வயிற்றைத் தொடச் சொன்னேன், "கெட்டி", "தளர்ச்சி" என்று சரியாகச் சொன்னார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே இதை வாங்கலாம் என்பேன்.

சரி, பேசுகிற விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இந்தப் பொம்மையில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

நான் கடைசி வருடம் படிக்கும்போது லேபர் வார்டு போஸ்டிங்கில் ஒரு சம்பவம். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். டியூட்டி மாறுகிற நேரம், பிரசவம் முடிந்த ஒரு அக்காவுக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. வார்டு சிஸ்டர் ஒரு கையை உள்ளே மூடிய முஷ்டியாக வைத்து, இன்னொரு கையால் வயிற்றின் மேலிருந்து அழுத்தி, இரண்டு கைக்கும் நடுவில் கர்ப்பப்பையை நெரித்துப் பிடித்துக்கொண்டார். அப்படியே நின்றபடி எங்களுக்கு உத்தரவு போட்டார். என் கை நடுங்கி இரண்டு ஆம்பூலை நொறுக்கினேன். அந்த அக்கா பிழைத்துவிட்டார், சிஸ்டர்தான் காப்பாற்றினார், அதில் சந்தேகமே இல்லை. மறுநாள் பி.பி. பார்க்கப் போனபோது அவர் என்னிடம் கேட்டார்: "நேத்து என்னமோ எல்லாரும் ஓடுனீங்க, என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் சொல்லல. நான் செத்துட்டேன்னே நெனச்சேன். கையையாவது யாராச்சும் புடிச்சிருக்கலாம்ல?" பதினோரு வருடமாக அந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது.

மாமா நாட்டலியைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கும்போது நான் பேஷன்ட். "என்ன பண்றீங்க, எனக்கு மயக்கமா வருது, என் புள்ள எங்க?" என்று கேட்கிறேன். பதில் வராவிட்டால் இன்னும் சத்தமாகக் கேட்கிறேன். முதல் சில வாரங்கள் மாணவிகள் என் முகத்தைப் பார்க்கவே வெட்கப்பட்டார்கள். இப்போது ஒருத்தி என் தலைமாட்டில் நின்று, "அக்கா, ரத்தம் கொஞ்சம் அதிகமாப் போகுது, வயித்தை அழுத்தித் தேய்க்கணும், வலிக்கும், என் கையைப் புடிச்சுக்கோங்க, பாப்பா அழுதுட்டான், நல்லா இருக்கான்" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கையால் நாடி பார்க்கிறாள். தானாக வந்ததில்லை, பத்துப் பதினைந்து தடவை செய்த பிறகு வந்தது. மாணவிகளையே மாற்றி மாற்றிப் பொம்மையைக் கட்டிக்கொள்ளச் சொன்னது அதைவிட நல்ல பலன் தந்தது. எங்கள் வகுப்பில் பையன்கள் மூன்று பேர் உண்டு, அவர்களும் கட்டிக்கொள்வார்கள். படுத்துக்கொண்டு, காலை விரித்து, ஐந்து பேர் மேலே நின்று தங்களுக்குள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தால் அப்போதுதான் புரிகிறது. ஒரு பையன் எழுந்து உட்கார்ந்ததும், "மேம், போர்வை போத்தலைங்க மேம்" என்று மட்டும் சொன்னான். அன்றிலிருந்து போர்வை முதல் வேலை ஆகிவிட்டது.

சொந்தக் கால் இருப்பதால் இன்னொரு லாபம். தலை வந்து தோள் மாட்டிக்கொள்கிற ஷோல்டர் டிஸ்டோசியாவை நடித்துக் காட்டலாம். குழந்தையை நான் உள்ளே பிடித்துக்கொண்டு விட மாட்டேன். தலை வந்து, ஆமை மாதிரி பின்வாங்கும். இரண்டு பேர் என் முழங்காலை மடக்கி வயிற்றோடு சேர்த்து அழுத்த வேண்டும், ஒருத்தி அடிவயிற்றில், முன்பக்க இடுப்பெலும்புக்குச் சற்று மேலே அழுத்த வேண்டும். மேல்வயிற்றில் அழுத்தக் கூடாது, அழுத்தினால் தோள் இன்னும் இறுகும். பதற்றத்தில் எல்லோருடைய கையும் மேல்வயிற்றுக்குத்தான் போகிறது, அதை அங்கேயே பிடித்துத் திருத்தலாம். அரை உடம்பில் இதைச் செய்யவே முடியாது, மடக்குவதற்குக் கால் இல்லையே.

குழந்தைக்கு வருவோம். நியோ நாட்டலியில் காற்றுக்குப் பதில் வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு லிட்டர் ஊற்றுகிறோம், அதனால் எடையும் சூடும் கிட்டத்தட்ட நிஜக் குழந்தை மாதிரி. தலை தொங்கும், கை கால் துவளும், ஈரமாக இருந்தால் வழுக்கும். முதல் தடவை கையில் வாங்கிய ஒரு மாணவி, "மேம், பயமா இருக்கு, தலை நிக்க மாட்டேங்குது" என்றாள். அந்தப் பயம் வரட்டும், லேபிலேயே வரட்டும். சின்னச் சின்ன பல்புகளைப் பிழிந்தால் ஒன்றில் அழும், ஒன்றில் நெஞ்சு ஏறி இறங்கும், ஒன்றில் தொப்புள்கொடி துடிக்கும். பிழியாவிட்டால் அப்படியே கிடக்கும். அங்கேதான் பாடம். பிறந்து ஒரு நிமிடத்துக்குள் துடைத்து, சூடாக வைத்து, முதுகைத் தேய்த்து, அப்போதும் மூச்சு வராவிட்டால் ஆம்பு பேக் (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்திக் கொடுக்கிற பை) கைக்கு வந்திருக்க வேண்டும். 2010-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி கொண்டுவந்த 'ஹெல்ப்பிங் பேபீஸ் ப்ரீத்' பயிற்சியில் இதைத் தங்க நிமிடம் என்பார்கள். அந்தப் பயிற்சியை மனதில் வைத்துச் செய்த பொம்மைதான் இது. மாஸ்க், பை, பெங்குவின் வடிவத்தில் கொதிக்க வைத்துக் கழுவக்கூடிய சிலிக்கான் சக்ஷன் (சளி உறிஞ்சி) எல்லாம் செட்டிலேயே வருகின்றன.

இந்தப் பொம்மை நேர்மையானது. கழுத்தை அதிகமாகப் பின்னால் வளைத்தாலோ, முன்னால் மடிந்திருந்தாலோ நெஞ்சு எழும்பாது. தோளுக்குக் கீழே சின்னதாக மடித்த துணி வைத்து, ஏதோ வாசனை பிடிக்கிற மாதிரி முகம் லேசாக நிமிர்ந்திருந்தால் மட்டும் காற்று போகும். மாஸ்க் கன்னத்தில் சரியாக ஒட்டாவிட்டால் புஸ்ஸென்று பக்கவாட்டில் போய்விடும். நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை. நம் ஆட்கள் பதற்றத்தில் 100-க்கு அழுத்துவார்கள். "அழுத்து, விடு, விடு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தால் சரியாக வருகிறது. இன்னொன்று, நிறைமாதக் குழந்தைக்கு சாதாரணக் காற்றிலேயே ஆரம்பிக்கலாம். ஆக்ஸிஜன் சிலிண்டர் சாவியைத் தேடி நிற்கிற நேரத்தில் முப்பது மூச்சு கொடுத்திருக்கலாம். இதை எங்கள் மாணவிகள் இப்போது கேட்காமலே சொல்கிறார்கள். நன்றாக அழுகிற குழந்தையின் வாயில் சக்ஷன் குழாயை விடுகிற பழைய பழக்கமும் இதோடு போயிற்று.

இதில் செய்ய முடியாதவை என்னென்ன என்றும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வாங்கிய பிறகு ஏமாற்றமாக இருக்கும். பிரசவ ஜன்னியை (பி.பி. ஏறி வலிப்பு வருவதை) இந்தப் பொம்மை காட்டாது. பி.பி. ஏறாது, முழங்காலில் தட்டினால் ரிஃப்ளெக்ஸ் பற்றி எதுவும் தெரியாது, நாம் நடிக்க வேண்டும். நான் கண்ணை மேலே செருகி வெட்டி இழுப்பேன், பி.பி. 170/110 என்று சீட்டில் எழுதி ஒட்டியிருப்போம். மருந்துக்கு டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூல்களில் மெக்னீசியம் சல்பேட் என்று லேபிள் ஒட்டி வைத்திருக்கிறோம். அதிலும் கணக்கை நிஜமாகவே போடச் சொல்வேன். 50 சதவீத மருந்து 2 மில்லி ஆம்பூலில் 1 கிராம் இருக்கும். நரம்பு வழி 4 கிராம் என்றால் 4 ஆம்பூல், 8 மில்லி, அதோடு 12 மில்லி சேர்த்து 20 மில்லியாக்கி மெதுவாகப் போட வேண்டும். அப்புறம் ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராம், அதாவது இரண்டுக்கும் சேர்த்து 10 ஆம்பூல். மொத்தம் 14. இதைத் தாளில் எழுதுவதற்கும், ஒருத்தி இழுத்துக்கொண்டிருக்கும்போது பதினான்கு ஆம்பூலை உடைத்து ஏற்றுவதற்கும் எவ்வளவு தூரம் என்று ஒரு தடவை செய்தால் தெரியும். அடுத்த டோஸுக்கு முன் முழங்கால் ரிஃப்ளெக்ஸ் இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது போகிறதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும், பக்கத்தில் இதற்கு முறிவு மருந்தான கால்சியம் குளுக்கோனேட் தயாராக இருக்க வேண்டும்.

பி.பி.யைப் பொம்மை காட்டாவிட்டாலும் சீட்டு ஒட்டி ஒரு நல்ல சோதனை வைக்கலாம். ரத்தம் போகிறது, பி.பி. 150/100, ட்ரேயில் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிற இன்னொரு மருந்தான மெதர்ஜின் இருக்கிறது. முதல் தடவை எல்லாக் குழுவும் மெதர்ஜினை எடுத்தது. பி.பி. அதிகம் உள்ளவருக்கு அது கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் ரத்தத்தைப் பார்த்த கை யோசிப்பதில்லை. ஆஸ்துமா என்று கேஸ் ஷீட்டில் எழுதி வைத்துவிட்டு ட்ரேயில் ஆஸ்துமா உள்ளவருக்குக் கூடாத கார்போப்ராஸ்ட் வைத்தாலும் அதே கதை. இரண்டாவது தடவை யாரும் தவறு செய்யவில்லை.

மஞ்சள் காமாலை, குறைமாதம், நீலம் பாரிப்பது போன்றவற்றை நியோ நாட்டலி காட்டாது. நிறம் மாறாது. குறைமாதக் குழந்தைக்கு அதே கம்பெனி ப்ரீமி நாட்டலி என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறது, நாங்கள் வாங்கவில்லை. கங்காரு முறையில் நெஞ்சோடு அணைத்துக் கட்டுவதை நியோ நாட்டலியை வைத்தே ஓரளவு சொல்லிக்கொடுக்கிறோம்.

பராமரிப்பு பற்றி அவசியம் சொல்ல வேண்டும். ரத்தக் கலவை துணியில் பட்டால் கறை, வெள்ளை யூனிஃபார்மில் பட்டால் மாணவி அழுவாள், அதனால் ஏப்ரன் கட்டாயம். முடிந்த உடனே ரத்தப் பை, குழாய் எல்லாவற்றிலும் நல்ல தண்ணீர் விட்டு அலசி, தலைகீழாகத் தொங்கவிட்டுக் காய வைக்க வேண்டும். ஈரத்தோடு மடித்து வைத்தால் நம் ஊர் வெக்கையில் பூசணம் பிடிக்கும். குழந்தையின் தண்ணீரையும் வடித்துவிட வேண்டும். எங்களிடம் வாரம் ஒரு மாணவி என்று மாற்றி மாற்றி இந்தப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறோம், இரண்டு வருடத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை. கட்டிக்கொண்டு படுப்பவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முதுகு வலிக்கும், வியர்க்கும். ஃபேனுக்கு நேராகக் கட்டிலைப் போடுங்கள்.

வாங்கினால் மட்டும் போதாது என்பதைக் கொஞ்சம் வருத்தத்தோடு எழுதுகிறேன். இன்ஸ்பெக்ஷனுக்குக் காட்ட மட்டும் வாங்கி, பீரோவில் பூட்டி, சாவியை ஆபீஸில் வைத்திருக்கிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு இடத்தில் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கவில்லை, அந்த பேட்ச் பிள்ளைகள் படிப்பை முடித்துப் போயே விட்டார்கள். அவர்களில் யாரோ ஒருத்தி இன்று ஏதோ ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி டியூட்டியில் தனியாக நின்றுகொண்டிருப்பாள். தமிழ்நாட்டில் 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள், இந்திய அளவில் அது 97 ஆக இருந்தது. நாம் எவ்வளவோ முன்னேறித்தான் இருக்கிறோம். ஆனால் அந்த 54-ல் ஒருவர் அந்த ராத்திரி டியூட்டியில் வந்துவிட்டால், அவளுடைய கைக்கு என்ன தெரியும் என்பதுதான் கேள்வி.

இது புதிய யோசனையும் இல்லை. பிரான்ஸில் 1759-ல் அரசர் பதினைந்தாம் லூயியின் அனுமதிப் பத்திரத்தோடு ஆஞ்ஜெலிக் து கூத்ரே என்கிற மருத்துவச்சி ஊர் ஊராகப் போய், கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள். அதனால் துணியும் தோலும் வைத்துத் தைத்த நிஜ அளவு இடுப்பையும் குழந்தையையும் கொண்டு போனார். ரத்தத்துக்கும் பனிக்குட நீருக்கும் பஞ்சில் நனைத்த நீர் வைத்தாராம். அதில் ஒன்று இன்னும் ருவான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தை நான் முதல் கிளாஸிலேயே காட்டிவிடுவேன், பொம்மைக்குள் கை விடக் கூச்சப்படுகிற பிள்ளைகளுக்கு அது தைரியம் தருகிறது.

விலையைக் கேட்டால், செட்டாக வாங்குவதா தனித்தனியாகவா என்பதைப் பொறுத்து மாறும், கொட்டேஷன் வாங்கிப் பாருங்கள். பணம் ஒரு செட்டுக்குத்தான் இருக்கிறது என்றால் தாய்ப் பொம்மையையும் குழந்தையையும் பிரிக்காதீர்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது தாய்க்கு ரத்தம் போகிறது என்கிற சூழ்நிலையில், இரண்டு பேருக்கு இரண்டு கைதான் இருக்கும்போது யார் எதைச் செய்வது என்று முடிவெடுக்கப் பழகுவதற்கு இரண்டும் ஒரே கட்டிலில் வேண்டும். கூடவே இவற்றையும் வாங்குங்கள்: அளவுக் கோடு போட்ட ரத்தப் பை நான்கைந்து, பச்சை வென்ஃப்ளான், காலி ஆர்.எல். (ட்ரிப் திரவம்) பாட்டில்கள், சுவருக்கு விநாடி முள் உள்ள பெரிய கடிகாரம். ஒரு நல்ல போர்வையும்.

தோழி, நேரில் வந்து பார்க்கிறேன் என்றாயே, செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வா. அன்றைக்கு இரண்டாவது பேட்ச், பேஷன்டாகப் படுக்க எனக்கு ஒரு ஆள் வேண்டும். பழைய சுடிதார் போட்டுக்கொண்டு வா.